ஆய்வகக் கருவிகள் விற்கும் வேலையில் சேரலாமா?

எம்.எஸ்சி. வேதியியல் முடித்த ஒரு பெண்ணின் கேள்வி இது: "சென்னையில் ஆய்வகக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனம் விற்பனைப் பிரதிநிதியாக வரச் சொல்லி அழைத்திருக்கிறது. வீட்டில், ‘இவ்வளவு படித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்குவதா?’ என்கிறார்கள். இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்? ஒரு பெண் இதில் நிலைக்க முடியுமா? சேருவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?"

சேரலாம். வேதியியல் மீது உங்களுக்கு உண்மையான ஆசை இருந்தால் தாராளமாகச் சேரலாம். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டவர்களுக்கு இந்த வேலை சீக்கிரமே கசந்துவிடும். மாத இலக்கும் அலைச்சலும் மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஓர் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் இங்கே எதை அளக்கிறார்கள், எதற்காக அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் துடிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வேலையை நான் பார்த்ததில்லை. ஒரே வாரத்தில் மருந்துத் தொழிற்சாலை, தோல் பதனிடும் ஆலை, குடிநீர் ஆய்வகம், பல்கலைக்கழகம் என்று எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து வர வேறு எந்த வேலை வழிவிடும்?

வாசல் ஏறி இறங்குவது பற்றி உங்கள் வீட்டாரிடம் சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது. இன்று எல்லாக் கல்லூரி ஆய்வகங்களிலும் இருக்கும், அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டரை உருவாக்கியவர் ஆர்னால்டு பெக்மன். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். 1934-ல் அவருடைய கல்லூரித் தோழர் ஒருவர், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையைச் சரியாக அளக்க முடியவில்லை என்ற சிக்கலோடு அவரிடம் வந்தார். சாற்றில் கலந்திருந்த சல்ஃபர் டைஆக்சைடு லிட்மஸின் நிறத்தை வெளுக்கச் செய்தது. ஹைட்ரஜன் மின்முனையையும் கெடுத்தது. கண்ணாடி மின்முனையிலிருந்து வரும் மின்குறியோ மிகவும் பலவீனமானது. பெக்மன் வெற்றிடக் குழாய்களால் அந்தக் குறியைப் பெருக்கிக் காட்டும் கருவியைச் செய்துகொடுத்தார். 1935-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்துக்கு அதை எடுத்துப்போனார். விலை 195 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை; இவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவார்கள் என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. மனைவியையும் அழைத்துக்கொண்டு ரயில் ஏறி, நாட்டின் குறுக்காகப் போய், ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிலடெல்பியாவில் ஒரு பெரிய விற்பனை நிறுவனம், பத்து ஆண்டுகளில் 600 கருவிகள்வரை விற்கலாம் என்று சொன்னது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உற்பத்தியைத் தொடங்கினார். கருவியைத் தூக்கிக்கொண்டு கடைவாசல் ஏறியவர் ஒரு வேதியியல் ஆசிரியர் என்பதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

இந்தக் கதையில் உங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அந்தக் கருவி பிறந்ததே எலுமிச்சைச் சாற்றிலிருந்துதான். எங்கள் தொழிலில் முதல் கேள்வி எப்போதும் மாதிரியைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். வாடிக்கையாளர் எதை அளக்கப் போகிறார்? அது எதில் கரைந்திருக்கிறது? கூட வேறு என்னென்ன கலந்திருக்கிறது? எவ்வளவு குறைந்த அளவுவரை தெரிய வேண்டும்? அந்த முடிவை யாரிடம் காட்டப் போகிறார்? இவற்றுக்கு விடை தெரியாமல் விலைப்புள்ளி அனுப்புகிறவர் நல்ல பிரதிநிதியாக முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ராணிப்பேட்டையிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ ஒரு தோல் ஆய்வகம் தொலைபேசியில் அழைத்து, "ஒரு யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு விலை அனுப்புங்கள்" என்று கேட்கிறது என்று வையுங்கள். ஒரு கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி அது. எதற்கு என்று கேட்டால் குரோமியம் ஆறு பார்ப்பதற்கு என்பார்கள். உடலில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2015 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சோதனை முறை எளிமையானது. தோலைச் சிறு துண்டுகளாக்கி 2 கிராம் எடுத்து, 100 மில்லிலிட்டர் பாஸ்பேட் கரைசலில் மூன்று மணி நேரம் குலுக்கி வடிகட்ட வேண்டும். வடிநீரில் டைஃபீனைல் கார்பசைடு சேர்த்தால், குரோமியம் ஆறு இருக்கும்பட்சத்தில் செவ்வூதா நிறம் தோன்றும். அதை 540 நானோமீட்டரில் அளந்துவிடலாம். இதற்கு யு.வி. போதும் என்றுதான் தோன்றும்.

இங்கேதான் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: தோல் சாயம் ஏற்றியதா, ஏற்றாததா? கறுப்பு, பழுப்புச் சாயம் ஏற்றிய ஷூ தோலைக் குலுக்கினால் சாயமும் சேர்ந்து கரைசலில் இறங்கிவிடும். அந்தச் சாயமே 540 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை உறிஞ்சினால், இல்லாத குரோமியம் இருப்பதாகக் காட்டும். சாயத்தை வடிகட்டும் சிறு குப்பிகளைப் பயன்படுத்திப் பார்க்கலாம்; எல்லாச் சாயத்துக்கும் அது பலிக்காது. அப்போது முதலில் அயனிகளைப் பிரித்து, பிறகு அளக்கும் அயன் குரோமட்டோகிராபிதான் வழி. ஐ.எஸ்.ஓ. 17075 தரநிலை இரண்டு பகுதிகளாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். யு.வி. சில லட்சம் ரூபாய். அயன் குரோமட்டோகிராபி அதைப் போலப் பல மடங்கு. சாயம் ஏற்றாத தோலை மட்டும் பார்க்கும் ஆய்வகத்துக்கு விலை உயர்ந்த கருவியைத் தலையில் கட்டுவதும் தவறு. சாயத்தோல் மட்டுமே வரும் ஆய்வகத்துக்கு விலை குறைந்ததை விற்றுவிட்டு நகர்வதும் தவறு. இரண்டாவது தவறு இன்னும் மோசமானது. அந்த ஆய்வகத்தின் ஒரு பொய்யான எண்ணால் ஓர் ஏற்றுமதியாளரின் சரக்கே திரும்பி வரலாம்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தேவை பெரும்பாலும் சட்டத்திலிருந்து பிறக்கிறது. 1994-ல் ஜெர்மனி துணிக்கு ஏற்றும் சில அசோ வகைச் சாயங்களைத் தடை செய்தபோது, திருப்பூர் பின்னலாடைக்காரர்களிடம் அவர்கள் அதுவரை கேள்விப்படாத சோதனைகளுக்கு அறிக்கை கேட்டார்கள். இறாலில் நைட்ரோஃபியூரான் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் எச்சம் இருப்பதாக 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பா சரக்குகளை நிறுத்தியபோது, கடல் உணவு ஏற்றுமதியை நம்பிய ஆய்வகங்கள் மிக நுண்ணிய எச்சத்தையும் கண்டறிய உதவும், கோடி ரூபாய்க்கு மேல் விலை போகும் எல்.சி.எம்.எஸ்.எம்.எஸ். கருவிகளை நோக்கித் திரும்பின. ஆகவே கருவியின் விளக்கக் கையேட்டை மட்டும் படித்தால் போதாது. உங்கள் பகுதியில் என்ன தொழில் நடக்கிறது, அதற்கு எந்த நாட்டின் எந்த விதி பொருந்தும் என்பதையும் படியுங்கள். வாடிக்கையாளருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர் உங்களைத் தேடி அழைப்பார்.

இதில் மனத்தை உலுக்கும் பக்கமும் உண்டு. 2022-ல் காம்பியாவிலும், 2025-ல் மத்தியப் பிரதேசத்திலும் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்துதான் காரணமாகப் பேசப்பட்டது. கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற மூலப்பொருள்களில் இந்த நஞ்சு இருக்கிறதா என்பதை கலவையை ஆவியாக்கிப் பிரித்துக் காட்டும் ஒரு சாதாரண கேஸ் குரோமட்டோகிராப் கருவி கண்டுபிடித்துவிடும். ஏற்கப்படும் வரம்பு 0.1 சதவீதம். கருவி எட்டாத அளவெல்லாம் இல்லை. அந்தக் கருவி ஆய்வகத்தில் இருந்தும் வாயு சிலிண்டர் காலியாகிக் கிடந்தாலோ, இயக்கத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தாலோ யாருக்கும் பயன் இல்லை. விற்றுவிட்டு மறந்துவிடாதீர்கள் என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்வதற்கு இதுவே காரணம். நிறுவிய கருவி ஓடுகிறதா என்று மாதம் ஒரு முறை கேட்பது உங்கள் வேலைதான், அதற்கு ஊக்கத்தொகை கிடையாது என்றாலும்.

வாடிக்கையாளர்களில் மருந்து நிறுவனங்கள் ஒரு தனி உலகம். ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை, புதுச்சேரி, ஓசூர் என்று நீங்கள் போகும் இடங்களில் வாயிலிலேயே மடிக்கணினியின் வரிசை எண்ணை எழுதிக்கொள்வார்கள். கைபேசிக் கேமராவின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். காலையில் தரக்கட்டுப்பாட்டுத் துறை மருந்துத் தொகுதிகளைச் சோதித்து விற்பனைக்கு விடுவிக்கும் அவசரத்தில் இருக்கும். பிற்பகலில் போங்கள். கரைசலில் கலந்திருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியை விற்கப் போனால் பம்ப் எப்படி, டிடெக்டர் எப்படி என்று கேட்பதற்கு முன்பே மென்பொருளைப் பற்றிக் கேட்பார்கள். யார் எப்போது உள்ளே நுழைந்தார், முடிவு வரைபடத்தின் எந்த உச்சியை யார் திருத்தினார், பழைய முடிவு அழியாமல் இருக்கிறதா என்பதெல்லாம் மென்பொருள் தானே எழுதிவைக்கும் ஆடிட் டிரெயில் என்ற பதிவேட்டில் பதிவாக வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 21 சி.எஃப்.ஆர். பகுதி 11 என்ற மின்னணுப் பதிவு விதி 1997-லிருந்து நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு மருந்து அனுப்பும் நிறுவனம் அதை மீறிக் கருவி வாங்கவே வாங்காது. கருவி வந்த பிறகு ஐ.கியூ., ஓ.கியூ., பி.கியூ. என்ற மூன்று கட்டச் சோதனைகள் உண்டு: முறையாக நிறுவப்பட்டதா, சொன்னபடி இயங்குகிறதா, அவர்களுடைய சொந்தச் சோதனை முறையில் சரியான விடை தருகிறதா. இந்த ஆவணங்களை ஒரு முறையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிடுங்கள். பல பிரதிநிதிகள் படிப்பதே இல்லை.

சிறு மருந்து நிறுவனங்களும் இப்போது இதே பாதைக்கு வந்தாக வேண்டிய நிலை. மருந்து உற்பத்தித் தரத்துக்கான திருத்திய ‘அட்டவணை எம்’ விதிகள் 2023 டிசம்பரில் வெளியாயின. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2025 இறுதிவரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. பணம் குறைவாக இருக்கும், பயமும் இருக்கும். அங்கே பொறுமையோடு உட்கார்ந்து, எதை முதலில் வாங்கலாம், எதை வெளி ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். இன்று வாங்காவிட்டாலும் அந்தப் பேச்சு வீண்போகாது.

அரசு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் முற்றிலும் வேறு. இங்கே பேராசிரியருக்குக் கருவி பிடித்துவிட்டது என்பது தொடக்கம் மட்டுமே. நிதி எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்: மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறையான டி.எஸ்.டி.யின் ஃபிஸ்ட் திட்டமா, மத்திய அரசின் அனுசந்தான் ஆராய்ச்சி நிதியா, மாநில அரசின் ஒதுக்கீடா? மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டிய பணமா? பிறகு விவரக்குறிப்பு, கொள்முதல் குழு, ஒப்பந்தப்புள்ளி. தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டு. தொழில்நுட்பத்தில் தேறியவர்களில் விலை குறைந்தவருக்கு ஆணை போகும். அவரை எல்-1 என்பார்கள். ஒப்பந்தப்புள்ளியோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையாக மதிப்பில் 2 முதல் 5 சதவீதம்வரை கேட்கலாம். ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை விட்டுப்போனால்கூட ஓராண்டு உழைப்பு தொழில்நுட்ப உறையோடு நின்றுவிடும். ஆகவே ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கும் பழக்கம், இனிக்கப் பேசும் திறமையைவிட உங்களுக்கு அதிகம் சோறு போடும்.

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். 2016-ல் வந்த ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையத் தளம் வழியாகத்தான் மத்திய அரசு நிறுவனங்கள் வாங்க வேண்டும் என்ற நிலை ஆராய்ச்சியாளர்களைப் பல இடங்களில் திணறவைத்தது. 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்களுக்கு அதைத் தளர்த்தினார்கள். விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் உயர்ந்தன. அதற்கு முன்பு, 2022 ஜூலையில், அரசு நிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகையை நீக்கினார்கள். பழைய சலுகையைக் கணக்கில் வைத்துத் திட்டம் எழுதியிருந்த பேராசிரியர்களுக்கு நிதி போதாமல் போனது. இத்தகைய மாற்றங்களை முதல் நாளே வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்துங்கள். அவர்களுக்கு நாளிதழ் படிக்க நேரம் இருக்கலாம். அரசிதழ் படிக்க இருக்காது.

ஆணை கையில் வந்தபின் அலுவலகத்தில் இனிப்புக் கொடுப்பார்கள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உடனே இடத்தைப் பார்க்கப் போங்கள். என் கணிப்பில், இந்தத் தொழிலில் வரும் சண்டைகளில் பெரும்பகுதி கருவியின் குறையால் வருவதில்லை, இடத்தின் குறையால் வருகிறது. ஒரு மல்ட்டிமீட்டரை எடுத்துச் சுவரில் இருக்கும் மூன்று துளை சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் 2, 3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். நம் ஊர்க் கட்டடங்களில் அதைவிடப் பல மடங்கு காட்டும் இடங்கள் சாதாரணம். கோடையில் எர்த் குழி காய்ந்துபோயிருந்தால் இன்னும் ஏறும். அப்படியே கருவியை மாட்டினால் திரையில் நேராக ஓட வேண்டிய அடிக்கோடு ஆடும், கணினியும் கருவியும் பேச்சை நிறுத்திக்கொள்ளும், மின்னணுப் பலகை எரிந்தும் போகும். பிறகு "உங்கள் கருவி மோசம்" என்பார்கள்; "உங்கள் மின்சாரம் மோசம்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். கருவி வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அளந்து, எழுத்தில் கொடுத்து, தனி எர்த் குழி போடச் சொன்னால் இந்தப் பேச்சே எழாது. இதோடு ஆர்கான், ஹீலியம் சிலிண்டர் யார் தருவார்கள், புகைபோக்கிக் குழாய் எங்கே போகும், பெட்டி லிஃப்ட்டுக்குள் நுழையுமா என்பதையும் பாருங்கள். கதவை இடித்துக் கருவியை உள்ளே கொண்டுபோன கல்லூரிகள் உண்டு.

சிறிய கருவிகளை அலட்சியமாக நினைக்காதீர்கள். புதியவர்களிடம் பெரும்பாலும் தராசு, பி.எச். மீட்டர், உலர் அடுப்புகளைத்தான் கொடுப்பார்கள். தராசைப் போல இயற்பியல் கற்றுக்கொடுக்கும் கருவி வேறில்லை. பகுப்பாய்வுத் தராசு 0.1 மில்லிகிராம்வரை காட்டுவது. அது உணர்வது புவியீர்ப்பு விசையை. சென்னையில் 100 கிராம் எடைக்கல்லை வைத்துச் சரிசெய்த தராசை, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்துக்கு அப்படியே கொண்டுபோய் அதே கல்லை வைத்தால் சில பத்து மில்லிகிராம் குறைத்துக் காட்டும். கல் மாறவில்லை, ஈர்ப்புதான் குறைந்தது. வைத்த இடத்திலேயே மறுபடி அளவுத்திருத்தம் செய்தால் தீர்ந்தது. இதைத் தெரியாத பிரதிநிதி கருவியைப் பழுது என்று திருப்பி அனுப்புவார். தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வருவார். அந்த ஐந்து நிமிடத்தில் சம்பாதிக்கும் மதிப்புதான் பின்னால் எச்.பி.எல்.சி. விற்க உதவும்.

இனி நேர்மை. இதை ஒதுக்கிவிட்டு இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. விளக்கக் கையேட்டில் போட்டிருக்கும் கண்டறி வரம்பு, அதாவது கருவியால் கண்டுபிடிக்க முடிந்த மிகக் குறைந்த அளவு, பெரும்பாலும் தூய நீரில் அளந்தது. தோல் ஆலைக் கழிவுநீரிலோ மசாலாப் பொடியிலோ அந்த எண் கிடைக்காது. அதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று. வாடிக்கையாளரின் சொந்த மாதிரியை வாங்கிக்கொண்டு போய்த் தயாரிப்பாளரின் செயல்விளக்க ஆய்வகத்தில் ஓட்டி, வந்த முடிவை நல்லதோ கெட்டதோ அப்படியே கொடுங்கள். உங்கள் கருவியால் முடியாது என்று தெரிந்தால் முடியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன இடங்களிலிருந்து எனக்குப் பின்னாளில் வேறு தேவைக்கு அழைப்பு வந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல், விவரக்குறிப்பு எழுதுவது. "நீங்களே எழுதிக்கொடுத்துவிடுங்கள்" என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். அவர் தேவைக்கு எது அவசியம், எது அலங்காரம் என்று விளக்கிச் சொல்வது உதவி. போட்டியாளர் யாரும் உள்ளே வராதபடி கருவியின் நீள அகலத்தைக்கூட எழுதிவைப்பது அரசுப் பணத்துக்குச் செய்யும் துரோகம். தணிக்கையில் மாட்டுவது பேராசிரியர். நீங்கள் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பீர்கள். பணமாகவோ பொருளாகவோ கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் நிறுவனம் இதில் எப்படி நடந்துகொள்கிறது என்று சேர்ந்த சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். ‘எல்லோரும் செய்வதுதானே’ என்று மேலாளர் சொல்லும் இடத்தில் நீடிக்க வேண்டாம். கொடுக்காமலும் இந்தத் தொழிலில் வாழ முடியும்; வளர்ச்சி மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

பெண் நிலைக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், நிலைத்து மேலாளர்களாக வளர்ந்தவர்களை நான் அறிவேன். மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டிலும் கல்லூரித் துறைகளிலும் முடிவெடுக்கும் இடத்தில் இன்று பல பெண்கள் இருக்கிறார்கள். தொல்லை வேறு விதமாக வரும். "டெக்னிக்கல் ஆள் யாரும் வரவில்லையா, மேடம்?" என்று உங்களிடமே கேட்பார்கள். அதே கேள்வியை உங்களோடு சேர்ந்த ஆணிடம் கேட்க மாட்டார்கள். அது அநியாயம்தான். சோதனை முறையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டு, அவர் தரும் பதிலை வைத்துக் குறிப்பு எடுக்கத் தொடங்குங்கள். அந்தப் பேச்சு நின்றுவிடும். பயணத்தைப் பொறுத்தவரை, வெளியூரில் தங்க நேர்ந்தால் எந்தத் தரத்து விடுதி, இரவுப் பயணத்துக்கு வண்டி உண்டா, தொலைவான தொழிற்சாலைக்குத் தனியே போக வேண்டுமா என்பதை வெட்கப்படாமல் நேர்காணலிலேயே கேளுங்கள். முகம் சுளிக்கும் நிறுவனம் பின்னாலும் சுளிக்கும். இருசக்கர வாகனமும் காரும் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். பல தொழிற்பேட்டைகளில் பஸ் முதன்மைச் சாலையோடு நின்றுவிடும்.

முதல் ஆண்டில் யாரோடு பழக வேண்டும் என்று கேட்டால், சர்வீஸ் இன்ஜினியர்களோடு என்பேன். அவர்கள் பழுது பார்க்கப் போகும்போது கூடவே போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள். எச்.பி.எல்.சி.யில் உப்புக் கரைசலை ஓட்டிவிட்டுத் தண்ணீரால் கழுவாமல் விட்டால் பம்பின் சீல் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்த்தால், அடுத்த வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லும் குரலே வேறாக இருக்கும். யு.வி. ஒளி தரும் டியூட்டிரியம் விளக்கின் ஆயுள் ஏறத்தாழ 2,000 மணி நேரம் என்றால், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டும் ஆய்வகம் ஓராண்டுக்குள் புதியது வாங்கும் என்ற கணக்கும் அங்கேதான் தெரியும். நிறுவனங்களுக்கு நிலையான வருமானம் இந்த விளக்கு, ‘காலம்’ எனப்படும் பிரிக்கும் குழாய், ‘செப்டம்’ எனப்படும் ரப்பர் அடைப்பு, பராமரிப்பு ஒப்பந்தங்களிலிருந்துதான் வருகிறது. கருவி விலையில் தள்ளுபடி கொடுத்துவிட்டுப் பராமரிப்பில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆகவே விலைப்புள்ளியிலேயே ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் எழுதிக் கொடுங்கள். பேராசிரியர்கள் இதற்கு மிகவும் நன்றியோடு இருப்பார்கள். திட்டம் முடிந்து நிதி நின்ற பிறகு ஒரு விளக்கு வாங்க முடியாமல் துணி போர்த்திக் கிடக்கும் கருவிகள் நம் கல்லூரிகளில் எத்தனையோ. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பின்னால் எங்கே போகலாம்? சோதனை முறைகளில் மனம் ஒன்றினால் பயன்பாட்டு வல்லுநராக மாறலாம். விற்பனை பிடித்தால் மண்டல மேலாளர். பிற்காலத்தில் சொந்தமாக விநியோக உரிமை எடுத்தவர்களும் உண்டு. வாடிக்கையாளர் ஆய்வகமே உங்களை வேலைக்கு அழைப்பதும் நடக்கும்.

கடைசியாக, கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை. அந்த நிறுவனம் எந்தத் தயாரிப்பாளர்களின் விநியோகஸ்தர், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? தயாரிப்பாளர் கைமாறினால் ஒரே இரவில் நீங்கள் விற்கும் கருவி மாறிவிடும். விற்பனையாளர் எத்தனை பேர், சர்வீஸ் இன்ஜினியர் எத்தனை பேர்? விற்க பத்துப் பேரும் பழுது பார்க்க ஒருவரும் இருக்கும் இடத்தில் வாடிக்கையாளரின் கோபமெல்லாம் உங்கள் கைபேசிக்குத்தான் வரும். ஊக்கத்தொகை ஆணை வந்ததும் தருவார்களா, பணம் வசூலான பிறகா? அரசு நிறுவனங்களில் நிறுவல் அறிக்கையில் கையெழுத்தாகிக் கடைசித் தவணை வரப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால் இந்தக் கேள்வி உங்கள் வீட்டு வரவுசெலவைத் தொடும். பயணப்படி எந்தத் தேதியில் வரும்? தயாரிப்பாளரின் பயிற்சிக்கு அனுப்புவார்களா, அதற்கு இத்தனை ஆண்டு வேலையில் இருப்பேன் என்ற ஒப்பந்தப் பத்திரம் கேட்பார்களா? மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகலை மட்டும் கொடுங்கள்.